காஞ்சி நகைநாடகமும் தன்னை எள்ளும் திரையும்

நகை என்னும் மெய்ப்பாடு தோன்றுதற்குரிய களங்களுள் எள்ளலைத் தொல்காப்பியர் முதற்கண் வைத்தார். அதற்கு உரை வகுத்த பேராசிரியர், பிறரைத் தான் எள்ளி நகுதலும் பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தான் நகுதலும் என அதனை இரு திறமாகக் கொண்டார். இவ்விரண்டனுள்ளும் முற்ற அடங்காத ஒரு வகையும் உண்டு. ஒரு கலை தன்னையே பொருளாகக் கொண்டு தன்னை எள்ளுதலே அது. தொலைக்காட்சியைத் தொலைக்காட்சியே எள்ளும் சிறுகாட்சி நிகழ்ச்சிகள் இன்று மிகப் பலவாகப் பெருகியுள்ளன. அவை எள்ளுவது எதனை, எள்ளாது விடுவது எதனை என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருளாகும்.

தமிழாராய்ச்சிக்கு இஃது ஏற்ற பொருளன்று என்பாரும் உளர். நேற்றுவரை தெருக்கூத்தையும் அவ்வாறே கூறினர் என்பதனை அவர்க்கு நினைவூட்டி மேலே செல்வோம்.

இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் விஜய் தொலைக்காட்சியில் வெளிவந்த 'லொள்ளு சபா' இவ்வகையில் பலரும் அறிந்தது. ராம்பாலா இயக்கினார், சந்தானம், சுவாமிநாதன், மனோகர், ஜீவா, சேசு முதலியோர் நடித்தனர். 'லொள்ளு' தெருவழக்கு, 'சபா' சென்னையில் கச்சேரியும் நாடகமும் நிகழும் மேன்மக்கள் அவையின் பெயர். இவ்விரண்டினையும் ஒட்டவைத்த பெயரிலேயே எள்ளல் தொடங்கிவிடுகின்றது. புகழ்பெற்ற திரைப்படம் ஒன்றனை எடுத்துக்கொண்டு, அதனைத் தம் எளிய அரங்கில், குறைந்த பொருளில், அதே சில நடிகரைக் கொண்டு மீண்டும் நடித்துக் காட்டுவது அவர் வழக்கம்.

அந்நிகழ்ச்சியின் சுவைக்குக் காரணம் மாற்றுக்குரலும் கோமாளி உடையும் என்பார் கருத்து நமக்கு உடன்பாடன்று. அதன் ஆற்றல் வேறிடத்தில் உள்ளது. திரைப்படத் தலைவன் உணர்ச்சி பொங்க வினாவும் வினா விடையை வேண்டாதது, கைதட்டலையே வேண்டுவது. லொள்ளு சபையின் எதிர்நிற்பவனோ அவ்வினாவை நேர்ப்பொருளாகவே கொண்டு, கடைக்காரன் விலை கூறுவதுபோல் அமைதியாக விடை கூறிவிடுகின்றான். அக்கணமே அவ்வுரையாடலின் பெருமிதம் கலைகின்றது. அவ்வாறே, அரங்கின் வறுமையை அவர்கள் மறைப்பதில்லை, அதனையே நகைப்பொருளாக்குகின்றனர். மாளிகை இன்றியே மாளிகைக் காட்சி நடைபெறுமாயின், முதற்படத்தில் மாளிகை செய்த தொழில் யாது என்னும் ஐயம் காண்போர் உள்ளத்தில் எழுகின்றது. இதனைத் திறனாய்வு என்றே நாம் மதிக்கின்றோம்.

ஆயின் இங்கு எள்ளப்பட்டது வெள்ளித்திரை. சின்னத்திரை தன்னையே எள்ளப் புகுந்தபொழுது நிகழ்ந்தது யாது? அதே தொலைக்காட்சியின் 'அது இது எது' நிகழ்ச்சியில் 'சிரிச்சா போச்சு' என ஒரு சுற்று உண்டு. எதிரே கோமாளிகள் ஆட, பங்கேற்போர் நகையை அடக்கியிருத்தல் வேண்டும், சிரித்தவர் தோற்றவர். ஜீ தமிழில் ஒளிபரப்பான 'சொல்வதெல்லாம் உண்மை' அச்சுற்றில் பன்முறை எள்ளப்பட்டது. குடும்ப வழக்குகளைப் படப்பொறிமுன் கொணர்ந்து தீர்வு கூறிய நிகழ்ச்சி அது. ராமர் என்னும் கலைஞர் அதன் நடத்துநரைப் போலவே வேடம் பூண்டு, 'என்னம்மா' எனத் தொடங்கும் ஒரு தொடரை நாடெங்கும் பரப்பினார். 2016ஆம் ஆண்டு வெளிவந்த 'ரஜினி முருகன்' படத்தில் அத்தொடர் ஒரு பாடலாகவும் ஆயிற்று.

நாமும் நகைத்தோம். நகைத்தபின் எண்ணிப் பார்த்தால், எள்ளப்பட்டவை ஒருவரின் குரலும் கையசைவும், அவர்முன் அமர்ந்து பூசலிட்ட ஏழை மாந்தரின் பேச்சுமே எனக் காண்கின்றோம். பிறர் துயரை விளம்பர இடைவேளைகட்கு நடுவே விற்கும் வாணிகத்தின்மேல் ஒரு துளியும் படவில்லை. எள்ளியதும் போட்டி நிறுவனம் ஒன்றன் நிகழ்ச்சியையே. தன் வீட்டு நிகழ்ச்சிகளையும் இக்கோமாளிகள் எள்ளுவதுண்டு. அவ்வெள்ளல் எள்ளப்பட்டதற்கே விளம்பரமாய் முடிகின்றது. நெடுந்தொடரில் ஒருத்தியின் முகத்தை மும்முறை அணுகிக் காட்டும் படப்பொறியை இவர்கள் எள்ளினர். மறுநாள் மாலை அத்தொடரைக் காண்பார் தொகை குறைந்ததில்லை.

செய்யுளியலில் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இருவகைப்படுத்தினர். முன்னது வெளிப்படையாக வைதல்; பின்னது வசையைச் சொல்லினுள் மறைத்தல். மேற்கூறிய காட்சிகள் செம்பொருள் போலத் தோன்றினும் அவ்வகையின அல்ல. அவற்றினுள் மறைந்திருப்பது வசையுமன்று, புகழ். ஆகலின் அவற்றை அங்கதம் என்பதினும் வஞ்சப்புகழ்ச்சி என்பதே பொருந்தும்.

இவ்வாறன்றி உடையவனையே தொட்ட நிகழ்ச்சியும் உலகில் இருந்தது. 1976 முதல் 1984 வரை கனடாவில் உருவான 'எஸ்.சி.டி.வி.' முழுவதும், மெலன்வில் என்னும் கற்பனை ஊரின் சிறு தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் நிகழ்வதாக அமைந்தது. அந்நிலையத்தின் செய்தி, தொடர், விளம்பரம் யாவும் அவர் புனைந்தவை. அந்நிலையத்தின் உடைமையாளன் கய் கபயேரோ என்னும் பாத்திரம், நடக்க வல்லவனாயிருந்தும் பிறர் மதிப்பைப் பெறுதற்பொருட்டு உருளைநாற்காலியில் அமர்ந்திருப்பான். தொலைக்காட்சி எதனால் இவ்வாறு இருக்கின்றது என்னும் வினாவிற்கு அந்நாற்காலி விடையாகின்றது. அவ்வுடைமையாளன் கற்பனை மாந்தன் என்பதனையும் மறத்தலாகாது.

உண்மையான உடையவனே தன்னை எள்ளிய ஒரு நூல் நம் காஞ்சியில் எழுந்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் வடமொழியில் இயற்றிய 'மத்தவிலாசப் பிரகசனம்' அது. 1917இல் கணபதி சாஸ்திரியார் திருவனந்தபுர வரிசையில் அதனைப் பதிப்பித்தார். கதை சிறிது. சத்தியசோமன் என்னும் காபாலிகனும் தேவசோமை என்பாளும் கள்ளுண்டு காஞ்சித் தெருவில் வருகின்றனர். கையிலிருந்த மண்டையோடு காணாமற்போகின்றது. நாகசேனன் என்னும் பௌத்தத் துறவி கவர்ந்தான் எனப் பூசல் எழுகின்றது; பாசுபதன் ஒருவன் நடுவனாக வருகின்றான். உண்மையில் அதனைக் கவர்ந்தது ஒரு நாய். அதனிடமிருந்து பெற்ற பித்தன் ஒருவன் கையிலிருந்து அது மீள்கின்றது.

இந்நாடகம் தொடங்குவதே நாடகத்தைப் பற்றிய நகையினால்தான். இளையாள் ஒருத்தியை மணந்த சூத்திரதாரன், வெகுண்டிருக்கும் மூத்தாளாகிய நடியைத் தணிவிக்க இக்கூத்தையே கருவியாக்குகின்றான். கள்ளுக்கடை வேள்விச்சாலையோடு உறுப்புக்கு உறுப்பு ஒப்பிடப்படுவது பலரும் எடுத்துக்காட்டும் பகுதி. நாம் பொருட்படுத்துவது வேறோர் இடம். வழக்கை அறமன்றத்திற்குக் கொண்டு செல்லலாம் என்று பாசுபதன் கூறியவுடன், அவ்வாறாயின் மண்டையோட்டைக் கைவிட வேண்டியதுதான் என்னும் கருத்துப்படத் தேவசோமை பேசுகின்றாள். விகாரங்கள் பலவற்றின் வருவாயைக் குவித்த துறவி மன்றத்து அலுவலரின் வாயை நிரப்ப வல்லவன். பாம்புத்தோலும் நீறுமே செல்வமான எம்மிடம் கொடுப்பதற்கு என்ன உண்டு என்பது அவள் வாதம். பாசுபதன் மன்றத்தாரின் நேர்மையை உயர்த்தி மறுக்கின்றான். ஆயினும் அவள் சொல் அவையில் விழுந்துவிட்டது. வழக்கோ மன்றத்தை எட்டாமலேயே பித்தனால் முடிந்துவிடுகின்றது. ஆதலின் பாசுபதன் புகழ்ந்த நேர்மையை நாம் காண வாய்ப்பே இல்லை.

மேலோட்டமாக நோக்கின் அவ்வசை பௌத்தன்மேற் செல்கின்றது. மறைந்து பாய்வதோ, அம்மன்றத்தை நிறுவி நடத்தும் வேந்தன்மேல். காஞ்சியின் அறமன்றம் எவனுடையதோ அவனே அவ்வரியை எழுதினான். பழிகரப்பு அங்கதத்திற்கு இதனினும் ஏற்ற எடுத்துக்காட்டு நாம் அறிந்ததில்லை. இவ்வரசன் தன் குடைவரைகளில் தன்னைக் குறிக்கும் பெயர்களுள் ஒன்றாக 'மத்தவிலாசன்' என்பதனையே கொண்டான் என்பதும் எண்ணத்தக்கது.

மகேந்திரனை நாம் முற்றும் போற்றுகின்றோம் எனக் கருதற்க. நாகசேனன் பிற சமயத்தான். அவனை எள்ளுதல் சைவ வேந்தற்கு எளிது. அப்பகுதிகளில் நூல், போட்டி நிலையத்தை எள்ளும் நிலையத்தின் அளவினதே. இறுதி வாழ்த்தும் அரசனையே வாழ்த்துகின்றது. தன்னைத் தானே எள்ளுதல் ஆற்றலுடையார்க்கு அணியாவதும் உண்டு. அவ்வணியைக் கழித்து நோக்கினும் தேவசோமையின் அச்சொல் எஞ்சி நிற்கின்றது. எள்ளற் சுற்றுகளில் அதற்கு நிகரான ஒரு சொல்லை நாம் இன்னும் கேட்கவில்லை.

அந்நகரைச் சூழ்ந்த சிற்றூர்களில் விடிய விடிய நிகழும் கூத்தில் கட்டியக்காரன் இவ்வுரிமையை இன்றும் விட்டுவிடவில்லை. அரசன் வேடத்தானை எள்ளுவான். தன் குழுவையும் எள்ளுவான். கூத்தினை அமர்த்திப் பணம் கொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊர்ப்பெரியவரையும் விடுவதில்லை. அவர் சினங்கொள்வதுமில்லை.

தொலைக்காட்சிக்கு அம்முன்வரிசையில் அமர்ந்திருப்பவர் விளம்பரம் தருவோர். எள்ளற் சுற்று முடிந்தவுடன் திரையில் பட்டுக்கடை விளம்பரம் தோன்றுகின்றது. தீபாவளித் திங்களில் சொல்ல வேண்டுவதில்லை. கோபுரம் ஒன்று, விளக்கு ஒன்று, காஞ்சியின் பெயர், பொன்னொளி வீசும் சேலை. பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் அமர்ந்து கோர்வையிட்டு உடலையும் கரையையும் பிணைக்கும் நெசவாளர்க்கு, விசைத்தறித் துணியும் போலிச் சரிகையும் தம்மூர்ப் பெயரால் விலைபோதலை அறிந்தவராதலின், அக்காட்சியில் நகைக்கத்தக்கன பல தென்படும். நாம் கண்ட எள்ளற் சுற்றுகளுள் ஒன்றேனும் அவ்விளம்பரத்தைத் தொட்டதில்லை.