அறிந்தவரும் அறியாதவரும்

புனைகதையில் ஆவலைத் தூண்டுவது மறைத்தலே என்று பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோர் வளர்த்த துப்பறியும் நாவல்கள் இக்கருத்தை வலுப்படுத்தின. ஆயின், அதனினும் வலிய உத்தி ஒன்றுண்டு. உண்மையை வாசகனுக்கு முன்னரே உணர்த்தி, பாத்திரம் அதனைப் படிப்படியாக அறியும்வரை காத்திருக்கச் செய்வதே அது.

சாம்பல்தீவும் நிலாவெளியும் அடங்கிய திருகோணமலைப் பிரதேசம் ஈழத்து நாவலின் தொடக்கத்தோடு நெருங்கிய தொடர்புடையது. 1895இல் ‘மோகனாங்கி’யை வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளை இவ்வூரவர். அதற்கு முன், 1891இல், திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பி ‘ஊசோன் பாலந்தை கதை’யை வெளியிட்டார். ஐரோப்பாவில் வழங்கிய ஓர்சன், வலன்டைன் என்னும் இரட்டையரின் கதையே அதன் அடிப்படை. தழுவல் என்னும் காரணத்தால் அதனைப் புறந்தள்ளுவோர், அக்கதை அமைப்பின் வலிமையைக் காணத் தவறுகின்றனர்.

பொய்ப்பழிக்கு ஆளாகித் துரத்தப்பட்ட அரசி காட்டிலே இரட்டையரை ஈன்றெடுக்கின்றாள். ஒரு மகவைக் கரடி கவர்ந்து செல்கின்றது. மற்றது அரண்மனையில் வளர்கின்றது. பின்னர், நாட்டை அச்சுறுத்தும் காட்டு மனிதனை அடக்க ஒரு வீரன் புறப்படுகின்றான். இருவரும் உடன்பிறந்தார் என்பதை வாசகன் அறிவான், அவர்கள் அறியார். யார் வெல்வார் என்னும் வினா இங்கு சிறிதாகிவிடுகின்றது. அறியாமையால் தம்பி தமையனைக் கொன்றுவிடுவானோ என்னும் அச்சமே நெஞ்சை நிறைக்கின்றது. மறைத்திருந்தால் இந்த அச்சம் பிறந்திராது.

எனினும் மேனாட்டு மூலக்கதையில் ஒரு குறையுண்டு. இருவரின் பிறப்பையும் இறுதியில் வெளிப்படுத்துவது, மந்திர ஆற்றல் வாய்ந்த வெண்கலத் தலையொன்று. பாத்திரங்களின் செயலிலிருந்து உண்மை பிறக்கவில்லை; வெளியிலிருந்து வந்து சேர்கின்றது. சிலப்பதிகாரம் இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. கோவலன் கள்வன் அல்லன் என்பதைக் கற்போர் முன்னரே அறிவர், பாண்டியன் அறியான். கண்ணகி சிலம்பை உடைக்க, முத்துக்கு மாறாக மாணிக்கம் தெறிக்கும்போது அவன் அறிகின்றான். அவ்வறிவே அவனுயிரையும் கொள்கின்றது. காலந்தாழ்ந்த அறிவு மீட்பாகாது தண்டனையாவதே அக்காட்சியின் அவலம்.

ஆதலால், படிமுறை வெளிப்பாடு வெறும் தாமதம் அன்று. ஒவ்வொரு வெளிப்பாடும் பாத்திரத்தின் செயலால் விளைந்து, அதன் வாழ்வை மாற்றுதல் வேண்டும். இவ்வளவுகோல் கொண்டு நோக்கின், இன்னாசித்தம்பி தமிழுக்குக் கொணர்ந்த கதை முடிவிற் குறையுடையதாயினும், ஆவலின் ஊற்று எதுவென்பதைத் தெளிவுறக் காட்டுவதாகும்.