சர்வவல்லவரின் இரண்டு புருவங்கள்

கடவுளின் வல்லமையைக் காட்ட வேண்டுமென்றால் ஓவியர்கள் பெரும்பாலும் அளவைத்தான் நம்புவார்கள். சிசிலியின் மொன்ரேயாலே பேராலயத்தில் பலிபீடத்துக்கு மேலே விரிந்திருக்கும் கிறிஸ்து, அண்ணாந்து பார்ப்பவரை அப்படியே கவிந்துகொள்கிறார். எகிப்தில் சீனாய் மலையடியில், புனித கத்தரீனாள் மடத்தில் உள்ள கிறிஸ்துவோ ஒரு மரப்பலகைக்குள் அடங்கியவர். உயரம் 84 சென்டிமீட்டர்; அகலம் அதில் பாதிக்குச் சற்றுக் கூட. ஆறாம் நூற்றாண்டுப் படம். 'பாந்தோக்ராத்தோர்', அதாவது சர்வவல்லவர், என்று கிரேக்கத் திருச்சபை வழங்கும் பலகைப் படங்களில் நம் கைக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையது. இரண்டில் எது வலியது என்று கேட்டால் நான் தயங்காமல் பலகையைத்தான் காட்டுவேன்.

காரணம் அந்த முகம். நமக்கு இடப்பக்கம் தெரியும் பாதியில் புருவம் அமைதியாக வளைந்திருக்கிறது. கண் தெளிவாக இருக்கிறது, கன்னத்தில் ஒளி சீராகப் படிகிறது. மூக்கைத் தாண்டினால் வேறொரு வானிலை. அங்கே புருவம் நெரிந்து மேலேறுகிறது. கண்ணைச் சுற்றி நிழல் கட்டுகிறது. கன்னம் ஒட்டி, உதட்டோரம் இறுகுகிறது. சாந்தமான பாதிக்குக் கீழே ஆசி வழங்கும் கை. கடுமையான பாதிக்குக் கீழே மணிகள் பதித்த அட்டையோடு நற்செய்தி நூல். இரக்கமும் நியாயத்தீர்ப்பும் என்று சிலர் சொல்வார்கள். மனிதமும் தெய்வமும் என்று வேறு சிலர். எப்படிச் சொன்னாலும் ஓவியர் தடுமாறிவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை.

இந்தப் படத்தை நடுவே வெட்டி, ஒவ்வொரு பாதியையும் கண்ணாடியில் பிரதிபலித்ததுபோல் இரட்டித்து, இரண்டு முழு முகங்களாக்கிக் காட்டும் வழக்கம் ஒன்று உண்டு. பார்க்கச் சுவாரசியம்தான். ஆனால் கிடைப்பது ஒரு சாதுவும் ஒரு சிடுமூஞ்சியும். இருவரில் ஒருவர் முன்னாலும் மண்டியிடத் தோன்றாது. மூக்கின் அந்த மெல்லிய கோட்டில் இரண்டும் ஒட்டி நிற்கும்போதுதான் பார்ப்பவருக்கு நெஞ்சு சற்றே ஒடுங்குகிறது.

தோல் உயிரோடு இருப்பதற்கு ஊடகமும் காரணம். வண்ணப்பொடியைச் சூடான தேன்மெழுகில் குழைத்துத் தீட்டியது இது. எகிப்தில் இறந்தவர்களின் மம்மிகளோடு வைத்த ஃபாயூம் முகப்படங்கள் பலவும் இதே முறையில் ஆனவை. மெழுகு ஒளியைக் கொஞ்சம் உள்ளே வாங்கித் திருப்பித் தரும். கன்னத்தின் அடியில் ரத்தம் ஓடுவதுபோலத் தெரிவது அதனால்தான். இத்தனையையும் பல நூற்றாண்டுகள் யாரும் பார்க்கவில்லை. மேலே வேறொருவர் பூசிய வண்ணம் மூடியிருந்ததால் படத்தைப் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றே நினைத்திருந்தார்கள். 1962-இல் அதை நீக்கிய பிறகே பழைய முகம் வெளிப்பட்டது.

கிரீடம் இல்லை, செங்கோல் இல்லை, சிங்காசனம் இல்லை. ஆட்சியைச் சொல்ல ஓவியர் எடுத்துக்கொண்டது தலையைச் சுற்றிய பொன்வட்டமும் ஆடையின் கருஞ்சிவப்பு ஊதாவும் மட்டும். அந்த ஊதா பைசாந்தியப் பேரரசர்களின் நிறம். மடத்தை எழுப்பியவரும் ஒரு பேரரசர், ஜஸ்டினியன். படமே கான்ஸ்டான்டினோப்பிளில் வரையப்பட்டு அவர் காலத்தில் வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். எட்டாம் நூற்றாண்டில் அதே தலைநகரத்திலிருந்து, திருவுருவங்களை ஒழிக்கும்படி ஆணைகள் கிளம்பின. பேரரசின் எல்லைக்குள் எத்தனையோ படங்கள் அழிந்தன. சீனாய் அப்போது அரபு கலீஃபாக்களின் ஆட்சியில் இருந்தது. பேரரசரின் ஆணை அங்கே செல்லவில்லை.