அர்ச்சனைத் தட்டு ஏந்திய கை

சாமி மண்டபத்தை விட்டு இறங்கும்போது கம்பீரநாட்டை ராகத்தில் நாகஸ்வர மல்லாரி எழும். தஞ்சாவூர்ச் சீமைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வயலில் நிற்கிறவருக்குக்கூட முதல் ஊதலிலேயே புறப்பாடு தொடங்கிவிட்டது தெரிந்துவிடும். மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. திரிகால மல்லாரி என்றால் ஒரே மெட்டை முதல் காலத்தில் வாசித்து, இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று ஏற்றி, மூன்று மூன்றாகப் பிரியும் திஸ்ரத்திலும் காட்டுவார்கள். நாகஸ்வரமும் தவிலும் இப்படி வேகம் மாற மாற, பக்கத்தில் தாளம் போடுகிறவர் கை மட்டும் மாறாமல் ஒரே நிதானத்தில் விழுந்துகொண்டிருக்கும்.

கூட்டத்தில் பாதிப்பேர் தொடையில் தாளம் போடுவார்கள். எனக்குப் பார்க்கப் பிடித்தது போடாதவர்களை. இரண்டு கையிலும் அர்ச்சனைத் தட்டை ஏந்திக்கொண்டு ஓர் அம்மாள் நிற்பார். கை அசைய வழியில்லை, தேங்காய் உருண்டுவிடும். ஆனால் தாளச் சுற்றின் முதல் தட்டான சமம் வந்து விழும் இடத்தில் அவர் தலை ஒரு நெல்லளவு சாயும். சமம் விழுந்த பிறகு சாய்வதில்லை, அதோடு சேர்ந்தே சாயும். வரப்போவதை அவர் எப்படி அறிந்தார்?

2012-இல் டொராண்டோவில் டகாகோ ஃபுஜியோகாவும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஓர் ஆய்வு, அந்தத் தலைச் சாய்வுக்குள் எட்டிப் பார்த்ததுபோல் இருக்கிறது. மூளையின் மின்னோட்டம் எழுப்பும் மிக மெல்லிய காந்தப்புலத்தை அளக்கும் கருவிக்குக் கீழே ஆட்களை உட்காரவைத்து, வெறும் தட்டொலிகளைக் கேட்கவிட்டார்கள். யாரும் கை அசைக்கவில்லை. ஒலிகளின் இடைவெளி மூன்று விதம்: 390, 585, 780 மில்லிநொடி. கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்காரர் இந்த எண்களைக் கண்டதும் விரல் விட்டு எண்ணத் தொடங்கிவிடுவார். மெதுவான வரிசை 3 தட்டு தட்டும் நேரத்தில் நடு வரிசை 4 தட்டும், வேக வரிசை 6 தட்டும். மூன்றுக்கு ஆறு, முதல் காலமும் இரண்டாம் காலமும். மூன்றுக்கு நான்கு, திஸ்ரமும் சதுஸ்ரமும் கைகோக்கும் கணக்கு. மல்லாரி நடக்கும் அதே வழி!

நொடிக்கு ஒன்றேகாலிலிருந்து இரண்டரை வரை விழும் தட்டுகள் இவை. மூளை அலைகளில் இந்த வேகத்துக்கு டெல்டா என்று பெயர். நம் காவிரி டெல்டாவுக்குப் பெயர் தந்த அதே கிரேக்க எழுத்துதான். ஆனால் அவர்கள் கவனித்தது அதைவிட வேகமான பீட்டா அலையை. அது நொடிக்குச் சுமார் 20 முறை துடிப்பது. 780 மில்லிநொடி இடைவெளி ஒன்றுக்குள் அப்படிப்பட்ட துடிப்பு ஏறத்தாழ 16 அடங்கும்.

இங்கேதான் நின்று ரசிக்க வேண்டும். ஒவ்வொரு தட்டு விழுந்ததும் செவிப்புலப் பகுதியில் பீட்டாவின் வலிமை இறங்கியது. தாளம் மெதுவோ வேகமோ, இறங்கும் விதம் ஒன்றுதான். பிறகு அது மீண்டும் ஏறியது. ஏறும் விதமோ தாளத்துக்குத் தாளம் வேறு. இடைவெளி நீண்டால் நிதானமாக, குறுகினால் விரைவாக, அடுத்த தட்டு வரும் நேரத்துக்கு அளந்து ஏறியது. ஒலிகளை ஒழுங்கில்லாமல் கலைத்துப் போட்டபோது இறக்கம் இருந்தது. அந்த அளந்த ஏற்றம் இல்லை. இறக்கம் கேட்டதற்கு, ஏற்றம் கேட்கப்போவதற்கு. அதைவிட நுட்பம் அடுத்தது: இந்த ஏற்ற இறக்கத்தில் செவிப்புலப் பகுதியோடு கையை இயக்கும் பகுதியும், அசைவுக்குத் திட்டம் போடும் பகுதியும், சிறுமூளையும் சேர்ந்துகொண்டன. கை சும்மா இருக்கிறது; கைக்குரிய மூளை தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது. அர்ச்சனைத் தட்டு ஏந்திய அம்மாளை நான் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன்.

தவில் வித்வானையும் ஒரு நிமிடம் பாருங்கள். ஒரு கையில் கழி, மறு கை விரல்களில் கூடு. ஆலாபனை நீளும்போது இரண்டு கையும் தவில்மேல் ஓய்ந்து கிடக்கும். 1995-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பாரத் பிஸ்வாலும் உடன் உழைத்தவர்களும், ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தவர்களின் மூளையில் ரத்த ஓட்டத்தோடு மாறும் எம்.ஆர்.ஐ. சமிக்ஞையைப் பார்த்தார்கள். இடக்கைக்குரிய பகுதியும் வலக்கைக்குரிய பகுதியும், மண்டையின் இரு புறம் இருந்தும், சேர்ந்தே ஏறி இறங்கின. அந்த அலை ஒருமுறை ஏறி இறங்கப் பத்து நொடிக்கும் மேல். விறுவிறுப்பான ஆதிதாளத்தில் ஓர் ஆவர்த்தனம் முடிந்து அடுத்ததும் பாதி ஓடிவிடும் நேரம் அது. கை ஓய்ந்தாலும் கைகளின் உறவு ஓயவில்லை.

ஆக, கையை ஆளும் ஒரே பகுதி ஒரு வேகத்தில் காதோடு உறவு கொள்கிறது, இன்னொரு வேகத்தில் எதிர்ப்புறக் கையோடு. ஜெர்மனியில் ஜோர்க் ஹிப் குழுவினர் 2012-இல் மூளை முழுவதிலும் உள்ள இத்தகைய உறவுகளை வேகவாரியாகப் பிரித்து வரைந்தார்கள். நொடிக்கு 4 முதல் 6 துடிப்பில் நினைவுக்குரிய உள்பொட்டுப் பகுதி நடுநாயகமாக நின்றது. 8 முதல் 23-இல் உச்சிப் பகுதியின் பக்கவாட்டு இடங்கள். 32-க்கு மேல் போனால் அசைவுக்கும் தொடுஉணர்வுக்கும் உரிய இடங்கள். மூளைக்கு ஒரே வரைபடம் போதும் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அடுத்த புறப்பாட்டில் மல்லாரி கேட்கும்போது, ஒரே ஓர் ஆவர்த்தனம் தாளம் போடாமல் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். தாளக்காரர் கை இறங்குவதற்கு ஒரு கணம் முன்னால் உங்களுக்குள் ஏதோ எழும். அதைக் கவனியுங்கள்.