நுவரெலியா அஞ்சல் நிலையம்: கட்டடமும் மரபுரிமையும் – ஒரு மதிப்பீடு

நுவரெலியா அஞ்சல் நிலையம் இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியா நகரின் நடுவில் அமைந்துள்ள இரண்டு தளச் செங்கல் கட்டடமாகும். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் 1894-இல் கட்டப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அஞ்சல் நிலையமாகவே இயங்கி வந்துள்ளது. 2023-இல் இதனை ஹோட்டலாக்க அரசு முன்வைத்த திட்டமும், அதற்கு எழுந்த எதிர்ப்பும் இக்கட்டடத்தைப் பரவலாக அறியச் செய்தன. மரபுரிமைக் கட்டடம் ஒன்றில் காக்கப்பட வேண்டியது சுவரா, அதன் பயன்பாடா என்பதே அந்த விவாதத்தின் மையக் கேள்வி. இக்கட்டுரை அக்கேள்வியின் வழியே இக்கட்டடத்தை மதிப்பிடுகிறது.

பின்னணி

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியா, ஆங்கிலேயர் தங்கள் நாட்டுக் குளிரைத் தேடி உருவாக்கிய நகரம். 1870-களிலும் 1880-களிலும் இலைத்துரு நோயால் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. அவற்றின் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1885-இல் ரயில் பாதை அருகிலுள்ள நானுஓயாவை எட்டியது. அடுத்த ஒன்பது ஆண்டுகளில் இந்த அஞ்சல் நிலையம் எழுந்தது. தேயிலை, ரயில், அஞ்சல் ஆகிய மூன்றும் ஒரே பொருளாதாரத்தின் உறுப்புகள். தோட்டத்துக்கும் கொழும்புக்கும் இலண்டனுக்கும் இடையே விலையும் உத்தரவும் கணக்கும் இத்தகைய அஞ்சல் நிலையங்கள் வழியாகவே சென்று வந்தன.

கட்டடக்கலை

செங்கல் சுவர், சரிந்த கூரை, கூர்முனைகொண்ட மணிக்கூட்டுக் கோபுரம் ஆகியவை இதன் அடையாளங்கள். கீழ்த்தளம் அஞ்சல் பணிக்கும் மேல்தளம் அஞ்சல் அதிபரின் குடியிருப்புக்கும் எனப் பிரிக்கப்பட்டிருந்தது. வேலையும் வீடும் ஒரே கூரையின் கீழ் அமைவது அக்காலச் சிறுநகர அஞ்சலகங்களின் இயல்பு.

சுற்றுலா வழிகாட்டிகள் இதனை ‘டியூடர் பாணி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. டியூடர் அரச மரபு 1485 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்டது. 1894-இல் கட்டப்பட்ட இக்கட்டடத்தில் இருப்பது டியூடர் காலம் அல்ல. டியூடர் காலத்தைப் பற்றிய விக்டோரியா காலத்து ஏக்கம். இதனைச் சென்னைப் பொது அஞ்சலகத்துடன் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1884-இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தை வடிவமைத்த ராபர்ட் சிசோம் இந்தோ-சாரசெனிக் பாணியைக் கையாண்டார். கோபுரங்களுக்குக் கேரளக் கூரையின் சாயலைத் தந்தார். பத்தாண்டு இடைவெளியில் எழுந்த இரு கட்டடங்களும் இரு வேறு மொழிகளைப் பேசுகின்றன. சென்னையில் ஆட்சி உள்ளூர் உடையை அணிந்து மக்கள் முன் நின்றது. நுவரெலியாவில் அதற்கு அந்தத் தேவை இருக்கவில்லை. அங்கே அது தன் ஊரை நினைத்துத் தனக்காகவே கட்டிக்கொண்டது. கட்டடத்தின் அழகை ரசிப்பவர் இந்த வரலாற்றையும் சேர்த்தே ரசிக்க வேண்டும்.

தென்தமிழகத் தொடர்பு

மலையகத் தோட்டங்களை உருவாக்கிய உழைப்பு தமிழகத்திலிருந்து சென்றது. தொழிலாளர் புறப்பட்ட மாவட்டங்களுள் அன்றைய திருநெல்வேலியும் ஒன்று. 1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. கயத்தாற்றுக்கு அருகிலுள்ள கடம்பூர் வழியாக மணியாச்சிக்கும், அங்கிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் செல்ல முடிந்தது. இடையிலுள்ள தட்டப்பாறையில் இலங்கைக்குச் செல்லும் தொழிலாளரைத் தங்கவைக்கும் முகாம் இருந்தது. 1914-இல் தனுஷ்கோடி – தலைமன்னார் வழி திறக்கப்படும் வரை ‘போட் மெயில்’ தூத்துக்குடியிலிருந்தே கொழும்புக்குக் கப்பல் ஏறியது. பெயரே சொல்வதுபோல அது ஆட்களோடு அஞ்சலையும் சுமந்த வழி. முத்துக்குளிக்கும் கரையிலிருந்து மலைக்குச் சென்றவர்களுக்கும் ஊரில் தங்கிவிட்டவர்களுக்கும் இடையே இருந்த ஒரே கயிறு கடிதமும் மணியார்டரும்தான்.

ஆனால் இந்த அழகிய அஞ்சல் நிலையம் அவர்களுக்காகக் கட்டப்பட்டதல்ல. தோட்டத்து லயன் அறைகளுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்குச் சென்று, அங்கிருந்து நிர்வாகத்தின் வழியாகவே தொழிலாளர் கைக்கு வந்தன. நேர்முகத் தேர்வுக் கடிதம் நாள் கடந்து கிடைத்தது என்பது மலையகத்தில் நெடுங்காலம் ஒலித்த புகார். தனி முகவரி வேண்டும் என்பது இன்றைய தலைமுறை வரை நீளும் கோரிக்கை.

ஹோட்டல் திட்டமும் வாதங்களும்

2022-இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அரசு தன் சொத்துகளிலிருந்து வருமானம் தேடியது. நுவரெலியா அஞ்சல் நிலையத்தை முதலீட்டுக்கு வழங்கும் திட்டம் அவ்வாறு எழுந்தது. அஞ்சல் ஊழியர் சங்கங்கள் 2023 நவம்பரில் 48 மணி நேர வேலைநிறுத்தம் செய்தன.

திட்டத்தை ஆதரிப்போரின் வாதத்தில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. கடிதங்கள் குறைந்துவிட்டன, அஞ்சல் துறை நட்டத்தில் இயங்குகிறது, பழைய கட்டடத்தைப் பேணப் பணம் தேவை. சிங்கப்பூரில் 1928-இல் திறக்கப்பட்ட ஃபுல்லர்டன் கட்டடம் பல பத்தாண்டுகள் பொது அஞ்சலகமாக இருந்து, 2001-இல் ஹோட்டலானது. அதன் தூண்களும் முகப்பும் இன்று சிறப்பாகப் பேணப்படுகின்றன.

எனினும் அந்த எடுத்துக்காட்டே எதிர்வாதமும் ஆகிறது. ஃபுல்லர்டனில் சிவப்புத் தபால் பெட்டி காட்சிப்பொருளாக நிற்கிறது. கல் காப்பாற்றப்பட்டது; முத்திரை வாங்க வந்தவர் வெளியேறிவிட்டார். நுவரெலியாவிலோ காலனியக் கட்டடத்தில் அமைந்த விடுதிகளுக்குப் பஞ்சமில்லை. ஆளுநர் பார்ன்ஸின் மாளிகை கிராண்ட் ஹோட்டல் ஆயிற்று. தோட்டத் துரைமாரின் ஹில் கிளப்பும் விடுதியாகிவிட்டது. காசில்லாதவரும் கேள்வியின்றி உள்ளே நுழையக்கூடிய காலனியக் கட்டடங்கள் அந்நகரில் மிகச் சில. அவற்றுள் ஒன்றை மூடி இன்னொரு விடுதியைச் சேர்ப்பதால் மரபுரிமை கூடாது, குறையும்.

எதிர்த்தோரிடமும் ஒரு போதாமை உண்டு. கட்டடத்தின் பழமையும் அழகும் பேசப்பட்ட அளவுக்கு, அதை நாடி வந்த மலையக மக்களின் அனுபவம் பேசப்படவில்லை.

மதிப்பீடு

கட்டடக்கலை அளவில் நுவரெலியா அஞ்சல் நிலையம் புதுமை படைத்த ஆக்கமல்ல. இங்கிலாந்தின் சிறுநகரம் ஒன்றில் நின்றிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இருக்கும் இடமும் இடைவிடாத பயன்பாடுமே அதன் மதிப்பு. துரைமாரின் கடிதத்துக்காகக் கட்டப்பட்ட முகப்பு, காலப்போக்கில் தொழிலாளரின் பேரப்பிள்ளைகளும் வரிசையில் நிற்கும் இடமாயிற்று. இந்த மாற்றம் செங்கல்லில் பதிவாகவில்லை; அன்றாடப் புழக்கத்தில்தான் இருக்கிறது. புழக்கம் நின்றால் அந்த வரலாற்றுக்கு வேறு சான்று இல்லை.

சென்னைப் பொது அஞ்சலகம் 2000-இல் தீவிபத்தில் பெரும் சேதமடைந்த பிறகும் சீரமைக்கப்பட்டு அஞ்சலகமாகவே தொடர்ந்தது. நுவரெலியாவுக்கும் அந்த வழி பொருந்தும். கீழ்த்தளத்தில் அஞ்சல் பணி தொடரலாம். மேல்தளத்தில் மலையக மக்களின் கடிதங்கள், மணியார்டர் துண்டுகள், கடவுச்சீட்டுகள் ஆகியவற்றின் காட்சியகம் அமைத்துக் கட்டணம் வசூலித்தால் பராமரிப்புச் செலவில் ஒரு பகுதியேனும் கிடைக்கும். அந்தக் காட்சியகத்தில் தட்டப்பாறைக்கும் கடம்பூருக்கும் இடம் இருக்க வேண்டும். லயன் வீட்டுக்குத் தனி முகவரி கிடைத்து, அந்த முகவரிக்கு வரும் கடிதம் இதே கட்டடத்தின் வழியாகச் செல்வதே இந்த மரபுரிமைக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை.