சரக்கு வாங்கும்போது சரி!

வியட்நாம் போனவருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயா? 'ஏஜென்ட் ஆரஞ்சு மருந்தால் வந்ததாகவே கொள்வோம்' என்று 2021-ல் அமெரிக்கச் சட்டம் ஒப்புக்கொண்டது. போர் முடிந்து 46 வருஷம் கழித்து! லேட்தான். ஆனாலும், நிரூபிக்கும் சுமை நோயாளி தலையில் இல்லை.

நம்ம ஊரில்? முசரவாக்கத்துப் பையன் ஒருவன் பட்டாளத்தில் சேர்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பை அலசி ஆராய்ந்து 'ஃபிட்' என்று முத்திரை குத்துவார்கள். பின்னால் நோய் வந்து வெளியே அனுப்பினால், 'பணியால் வந்ததல்ல' என்று ஒற்றை வரி. பென்ஷன் போச்சு!

தரம்வீர் சிங்குக்கு அதுதான் நடந்தது. வலிப்பு நோய். 1994-ல் அனுப்பினார்கள். 'சேரும்போது குறிக்காத நோய் என்றால் பணியால் வந்ததாகவே கருதணும். இல்லையென்றால் காரணம் எழுதணும்' என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது 2013-ல்.

அருமையான தீர்ப்புதான். ஆனால், தீர்ப்புக்காக 19 வருஷம் காத்திருக்க எத்தனை சிப்பாய்க்குத் தெம்பு இருக்கும்? நல்ல சரக்கு என்று கையெழுத்துப் போட்டு வாங்கிய குடோன்காரர்தானே, சேதத்துக்குக் கணக்குச் சொல்லணும்? நீங்களே சொல்லுங்கள்!