மைந்தரும் அசலும்

மலேசிய நாட்டைப் பற்றித் தமிழில் எழுதுவோரிடையே ஒரு சொற்குழப்பம் நிலவுகிறது. ‘பூமிபுத்ரா’ என்பதை ‘மண்ணின் மைந்தர்’ என்பார்கள்; ‘ஒராங் அஸ்லி’ என்பதையும் அவ்வாறே பெயர்ப்பார்கள். வேறு சிலர் இரண்டையும் ‘பூர்வகுடி’ என்று எழுதி அமைவர். இரண்டும் அந்நாட்டுக்கு உரியோரைக் குறிப்பதால் அகராதியை மட்டும் புரட்டுவோருக்கு இதில் பிழை தோன்றாது. ஆயின், அகராதியில் அருகருகே நிற்கும் சொற்கள் சட்டத்தின் முன் வெகு தொலைவில் நிற்பதுண்டு.

முதலில் சொற்களின் பிறப்பை நோக்குவோம். பூமிபுத்ரா வடமொழி வழி வந்தது. நிலத்தின் மகன் என்பது பொருள். ‘ஒராங்’ என்றால் மலாய் மொழியில் மனிதர். ‘அஸ்லி’யோ அரபுச் சொல்லாகிய ‘அஸ்ல்’ என்பதன் வழி வந்தது. வேர், மூலம் என்று பொருள்படும். மார்க்கச் சட்டக்கலையில் நாம் கேட்கும் ‘உஸூல்’ இதன் பன்மையே. பத்திரத்தில் ‘அசல், நகல்’ என்றும், கடனில் ‘அசல், வட்டி’ என்றும் வழங்குகிறோமே, அந்த அசலும் இதுவே. மகன் என்னும் சொல் வாரிசுரிமையை நினைவூட்டுகிறது. வேர் என்னும் சொல் தொன்மையைச் சுட்டுகிறது.

பூமிபுத்ரா ஓர் அரசியற் சொல். 1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கைக்குப் பின் கல்வி, தொழில், பங்குடைமை ஆகியவற்றின் ஒதுக்கீடுகளோடு அது இறுகப் பிணைந்தது. அரசமைப்புச் சட்டத்தில் அச்சொல் இல்லை. சிறப்பு நிலையைக் காக்கும் அதன் 153ஆம் பிரிவு, மலாய்க்காரரையும் சபா, சரவாக் மாநிலங்களின் சுதேசிகளையுமே பெயர் சுட்டுகிறது. மலாய்க்காரர் யார் என்பதை 160ஆம் பிரிவு சமயம், மொழி, வழக்காறு, பிறப்பு அல்லது வாழிடம் ஆகியவற்றால் வரையறுக்கிறது. முதலில் குடியேறியவர் யார் என்னும் வினா அங்கே எழுவதில்லை.

ஒராங் அஸ்லியரோ தீபகற்பத்தின் தொல்குடியினர். செமாய், தெமியார், தெமுவான், ஜக்குன் முதலிய பல இனத்தவர். ‘சக்காய்’ என்னும் இழிபெயரால் ஒரு காலத்தில் அழைக்கப்பட்டவர்கள். நிர்வாக வழக்கில் இவர்களும் பூமிபுத்ராவில் அடங்குவர். எனினும் 153ஆம் பிரிவு இவர்களைப் பெயர் சுட்டவில்லை. இவர்களுக்கெனத் தனியே 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது.

இவ்வேறுபாட்டின் விலை சிலாங்கூரின் புக்கிட் தம்போயில் வெளிப்பட்டது. விமான நிலையத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலைக்காக 1995இல் அங்குத் தெமுவான் மக்களின் நிலம் எடுக்கப்பட்டது. பயிருக்கும் வீட்டுக்கும் இழப்பீடு கிடைத்தது, நிலத்துக்கு இல்லை. அவர்கள் வழக்காடினர். அவர்களுடைய வழிவழி நில உரிமையை உயர் நீதிமன்றம் 2002இலும், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இலும் ஏற்றன.

இரு சொல்லுக்கும் ஒரே தமிழ் எழுதுவோர் இவ்வழக்கை எங்ஙனம் விளக்குவர்? மண்ணின் மைந்தருக்குச் சலுகை உண்டென்று ஒரு பக்கத்தில் படித்த வாசகர், மண்ணின் மைந்தர் தம் மண்ணுக்காக நீதிமன்றம் ஏறினர் என்று மறுபக்கத்தில் படித்தால் திகைக்கமாட்டாரா? வேற்றுமை மறையும்போது, நிலமிழந்தவரின் முறையீடும் உடன் மறைகிறது.

ஆதலின் ‘பூமிபுத்ரா’வை அவ்வாறே எழுதுவோம், ‘பூர்வகுடி’யை ஒராங் அஸ்லியருக்கே உரியதாக்குவோம். நிலத்தை அளப்பவர் எல்லைக்கல்லைப் பிடுங்கலாகாது. சொல்லை ஆள்பவருக்கும் அந்நெறி பொருந்தும்.