இலார் என்னும் மனைத்தெய்வம்: பிளோத்தசின் நாடகமொன்று பற்றிய ஆய்வு

உரோமரின் சமயத்தைப் பற்றி எழுதுவோருட் பலர் அதனைத் தெய்வத்தோடு செய்துகொண்ட கொடுக்கல் வாங்கல் என்றே கூறி அமைவர். யூப்பித்தர், மார்சு முதலிய பெருந்தெய்வங்களுக்கு அரசு எடுத்த விழாக்களை நோக்குவார்க்கு இக்கூற்றுப் பொருத்தமாகவே தோன்றும். ஆயின், அடுப்பருகே உறைந்த இலார் என்னும் மனைத்தெய்வத்துக்கும் அது பொருந்துமா என்பது ஆராயற்பாலது. அவ்வாராய்ச்சிக்கு உறுதுணையாவது, கி. மு. 184இல் மறைந்த பிளோத்தசு இயற்றிய 'அவுலுலாரியா' என்னும் இன்பியல் நாடகமாகும்.

உரோமரின் அன்றாட வாழ்வில் இலார் பெற்றிருந்த இடத்தை முதற்கண் அறிதல் வேண்டும். கி. பி. 79இல் எரிமலைச் சாம்பலுட் புதைந்த பொம்பேயி நகரின் இல்லங்கள் பலவற்றில் இத்தெய்வத்துக்குரிய சுவர்மாடங்கள் காணப்படுகின்றன. வெற்றியர் இல்லத்து ஓவியத்திலே குடும்பத் தலைவனின் காவல்தெய்வம் நடுவில் நிற்க, இருமருங்கும் இலார் இருவர் ஆடுகின்றனர். கீழே பாம்பொன்று ஊர்கின்றது. பண்ணைக்கு வரும் உரிமையாளன் முதலில் இலாரையே வணங்குதல் வேண்டும் என்றும், திங்கள்தோறும் குறித்த நாள்களிற் காரியக்காரனின் மனைவி அடுப்புக்கு மாலை சூட்டி வழிபடுதல் வேண்டும் என்றும் கேற்றோ தம் வேளாண்மை நூலில் விதித்துள்ளார். உண்ணுங்கால் நழுவி வீழ்ந்த உணவை இலாரின்முன் எரித்துக் கழுவாய் தேடினர் என்பது பிளினியின் குறிப்பு. சிறுவன் வளர்ந்து ஆளானபோது தன் கழுத்தணியைக் கழற்றி இலாருக்கே சாத்தினான்.

இத்தகைய தெய்வமே அவுலுலாரியாவின் முன்னுரையை மேடையில் நின்று மொழிகின்றது. யூக்கிளியோவின் பாட்டன் பொற்குடமொன்றை அடுப்பின் நடுவே புதைத்து இலாரின் காவலில் விட்டு இறந்தான். அவன் மகன் இலாரைப் போற்றாமையால் அப்பொருளைக் காணாமலே மாண்டான். யூக்கிளியோவும் அக்குணத்தினனே. அவன் மகளோ நாள்தோறும் தூபமோ மதுவோ மாலையோ கொண்டு வணங்குபவள். அவள் திருமணத்தின் பொருட்டே இலார் புதையலை யூக்கிளியோவுக்குக் காட்டுகின்றது.

ஈண்டு இருவேறு வழிபாடுகள் எதிரெதிர் நிறுத்தப்படுதல் காண்க. யூக்கிளியோவும் ஒருநாள் சிறிது தூபமும் மாலையும் வாங்கி வருகின்றான். சந்தையில் விலை மிகுதி என்று மீனும் இறைச்சியும் வாங்காது வந்தவனுக்கு, மகளின் மணம் நன்கு நிறைவேற இலாரின் துணை தேவையாகிவிட்டது. தேவை வந்தபோது செய்வது அவன் வழிபாடு. நாளும் செய்வது அவள் வழிபாடு. மேலும், சமையற்காரர்க்கு அஞ்சிக் குடத்தை அவன் வீட்டினின்றும் அகற்றுகின்றான்; முதலில் நம்பிக்கைத் தெய்வத்தின் கோயிலிலும், பின்னர்ச் சில்வானசின் சோலையிலும் ஒளிக்கின்றான். அடுப்பின்கீழ் இரு தலைமுறை கெடாதிருந்த பொருள், இலாரின் எல்லையைக் கடந்த அன்றே களவு போகின்றது. புலவர் இதனை விரித்துரைத்தாரல்லர். கதையின் போக்கே உணர்த்துகின்றது.

போற்றியவளுக்குப் பொருள் கிடைத்தமையின் இதுவும் கொடுக்கல் வாங்கலே எனலாமோ எனின், முற்றும் அன்று. கைம்மாறு உண்டு, ஆயின் அவள் புதையல் வேண்டி வணங்கினாள் என்று இலார் கூறவில்லை. பேரம் பேசாத வழக்கமே அவள் வழிபாடு.

எனினும் நாடகத்தின் குறையையும் மறைத்தல் தகாது. சீரிசு தெய்வத்தின் விழாவிரவில் அப்பெண் ஓர் இளைஞனாற் கற்பழிக்கப்படுகின்றாள். இலார் அதனைத் தடுத்திலது. தீங்கிழைத்தவனுக்கே அவளை மணமுடிக்க வழிவகுக்கின்றது. அவளோ மேடைக்கு ஒருபோதும் வருவதில்லை. பேறுகால வேதனையில் எழும் அவள் குரல் மாத்திரமே கேட்கின்றது. மனைத்தெய்வம் குடியின் தொடர்ச்சியைக் காத்தது. அக்குடிப் பெண்ணின் துயரைக் காத்ததென்று கூறல் அரிது. இது பிளோத்தசின் குறை மட்டுமன்று. அக்காலச் சமுதாயத்தின் குறையுமாகும்.

நாடகத்தின் இறுதிப்பகுதி அழிந்துபோயிற்று. பழைய கதைச்சுருக்கத்தால், யூக்கிளியோ இழந்த குடத்தை எதிர்பாராது மீளப்பெற்று, மகளை மகிழ்வுடன் மணமுடித்தான் என அறிகின்றோம். இந்நாடகத்தைத் தழுவி மோலியர் 1668இல் அரங்கேற்றிய 'கருமி'யில் இலார் இல்லை. பிரிந்த தந்தை தன் மக்களைக் கண்டறியும் தற்செயலே அங்கு முடிவை ஆக்குகின்றது. நகைச்சுவை குன்றவில்லையாயினும், வீட்டினுள்ளிருந்தே நிகழ்வனவற்றை நடத்தும் அறத்தின் கண் மறைந்துவிட்டது.

கி. பி. 392இல் தியோதோசியசு மன்னன் பிறப்பித்த ஆணை, வீட்டினுள் இலாருக்குத் தீ வளர்ப்பதையும் வெளிப்படப் பெயர் குறித்துத் தடைசெய்தது. பேரரசின் சட்டம் அடுக்களை வரை நுழைய வேண்டியிருந்தமை ஒன்றே, இச்சிறு தெய்வம் உரோமரின் உள்ளத்தில் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்குத் தக்க சான்றாகும்.